பூஞ்சை இறைச்சி: பாக்கெட்டைப் பிரிப்பதிலிருந்து மீதியை எடுத்துவைப்பது வரை

பூஞ்சையிலிருந்து செய்த இறைச்சி மாற்றை வாங்குபவர்களில் பலர் ஒருமுறை சமைத்துப் பார்த்து, "ரப்பர் மாதிரி இருக்கிறது" அல்லது "சப்பென்று இருக்கிறது" என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு சமைத்த வரிசையில்தான். இறைச்சியில் கொழுப்பு உண்டு. சூடு பட்டதும் அது உருகி வாணலிக்கு வந்துவிடும். பூஞ்சையில் கொழுப்பு மிகக் குறைவு, தண்ணீர் மிக அதிகம். எனவே எண்ணெயை நாம்தான் கொடுக்க வேண்டும், தண்ணீரை எப்போது வெளியேற்றுவது, எப்போது விட்டுவைப்பது என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே வரும் படிகள் அநேகமாக இந்த இரண்டைப் பற்றியவைதான்.

## 1. கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

பூஞ்சை இறைச்சி என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் வருகின்றன. ஒன்றின் பக்குவம் மற்றொன்றுக்குச் சரிவராது.

முதல் வகை மைக்கோபுரோட்டீன். ஃபுசாரியம் வெனனேட்டம் என்ற பூஞ்சையைப் பெரிய தொட்டியில் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து, வடித்து, ஒட்டுப்பொருள் சேர்த்து, ஆவியில் அவித்து, உறையவைத்து எடுக்கிறார்கள். குவார்ன் என்ற பிராண்டு இந்த வகை. உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் பூஞ்சை இழைகளை நெருக்கிக் கட்டுக் கட்டாகச் சேர்த்துவிடும். கடிக்கும்போது நார் நாராகத் தெரிவது அதனால்தான். கொத்துக்கறி போன்ற துருவலாகவும் துண்டுகளாகவும் கிடைக்கும்.

இரண்டாவது டெம்பே. வேகவைத்த சோயாவின்மீது ரைசோபஸ் இனப் பூஞ்சையை வளரவிட்டால், வெள்ளை இழை பரவிப் பருப்புகளை ஒரே கட்டியாகப் பிணைத்துவிடும். இதில் புரதத்தில் பெரும்பங்கு சோயாவினுடையது; பூஞ்சையின் வேலை பிணைப்பதும் பக்குவப்படுத்துவதும்.

மூன்றாவது முழுக் காளான். இறைச்சிக்குப் பதிலாக நிற்கக்கூடியவை கிங் ஆய்ஸ்டர், சிப்பிக்காளான், லயன்ஸ் மேன் ஆகியவை. தட்டில் இறைச்சியின் இடத்தைக் காளான் நிரப்பும், புரதத்தின் இடத்தை நிரப்பாது. 100 கிராமுக்கு மைக்கோபுரோட்டீனில் சுமார் 11 கிராம், டெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கும். பச்சைக் காளானில் 3 கிராம் அளவுக்குத்தான். காளான் சமைக்கும் நாளில் புரதத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது வையுங்கள். இறைச்சியை அடியோடு நிறுத்துபவர்கள், வைட்டமின் பி12-க்கு இந்த மூன்றையும் நம்ப வேண்டாம்.

புதியவர்கள் துருவலில் தொடங்குவது நல்லது. குழம்பிலோ சாஸிலோ கலந்துவிடுவதால் சிறு பிழைகள் தெரியாது. அடுத்து காளான், அதன்பின் டெம்பே. தனித்துண்டாகப் பொரித்து நேரே தட்டில் வைப்பதை ஆரம்பத்திலேயே முயல வேண்டாம். பிழையை மறைக்க அங்கே இடமே இல்லை.

## 2. அடுப்பைப் பற்றவைக்கும் முன் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்

பாக்கெட்டின் முன்பக்கத்தில் காளான் படம் இருந்தால் உள்ளே பூஞ்சை இருக்கிறது என்று அர்த்தமில்லை. சேர்மானங்கள் எடை வரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்றுக்குள் மைக்கோபுரோட்டீன், மைசீலியம் (பூஞ்சையின் இழைத்தொகுதி), காளான் என்று எதுவும் இல்லாவிட்டால், அது சோயாவிலோ கோதுமையிலோ செய்து காளான் வாசனை ஊட்டியதாக இருக்கலாம். அதற்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

மைக்கோபுரோட்டீன் பொருள்கள் பலவற்றில் ஒட்டுப்பொருள் முட்டையின் வெள்ளைக்கரு. சைவம் என்று எழுதியிருந்தாலும் முட்டை இருக்கலாம். முட்டை வேண்டாதவர்கள் வீகன் (விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது) என்று குறித்ததைத்தான் எடுக்க வேண்டும். அவற்றில் உருளைக்கிழங்குப் புரதம் போன்றவை ஒட்டுப்பொருளாக வரும். மேலே ரொட்டித்தூள் பூசியவற்றில் கோதுமை இருக்கும்.

ஒவ்வாமையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மைக்கோபுரோட்டீன் சிலருக்கு, அரிதாகத்தான் என்றாலும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும். பூசணத்தால் ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். சாப்பிட்டபின் முகமோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இழுத்தால், காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள் கேட்கும் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வேகமாக வளரும் பூஞ்சையில் ஆர்.என்.ஏ. (செல்லுக்குள் இருக்கும் ஒரு மரபுப் பொருள்) நிறைய இருக்கும், உடலில் அது யூரிக் அமிலமாக மாறும். அதனால் மைக்கோபுரோட்டீனைத் தொழிற்சாலையிலேயே சூடாக்கி, ஆர்.என்.ஏ.-வை உலர் எடையில் 2 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அப்படியும் கௌட் (யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வரும் வலி) உள்ளவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

முதல்முறை ஒருவருக்கு 50 முதல் 75 கிராம் போதும். மைக்கோபுரோட்டீனில் 100 கிராமுக்கு 6 கிராம் அளவுக்கு நார்ச்சத்து உண்டு. இறைச்சியில் நார்ச்சத்தே கிடையாது. பழக்கமில்லாத வயிறு முதல் நாளிலேயே 200 கிராமை வாங்கிக்கொண்டால் உப்புசமும் வாயுவும் வரும். பழியை "பூஞ்சை ஒத்துக்கொள்ளவில்லை" என்று போட்டுவிடுவோம். சிறு குழந்தைகளுக்கு இன்னும் குறைவாகக் கொடுங்கள். நார்ச்சத்து சீக்கிரம் வயிற்றை நிரப்பிவிடும், வேறு சாப்பாடு இறங்காது.

## 3. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

அகலமான, அடி கனத்த வாணலி ஒன்று. காளானை அழுத்த, அடி சுத்தமான இன்னொரு கனத்த பாத்திரம். மூடி. முடிந்தால் உணவு வெப்பமானி.

எண்ணெய், உப்பு, வெங்காயம், பூண்டு, தக்காளி விழுது, சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர். உலர்ந்த ஷிடாகேக் காளானைப் பொடித்து வைத்துக்கொண்டால் சுவை கூட்ட உதவும்.

இவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிறகே மைக்கோபுரோட்டீனை ஃப்ரீசரிலிருந்து எடுங்கள். துருவலை வெளியே வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த படியில் வருகிறது.

## 4. துருவல்: உறைந்த நிலையில் நேரே சாஸுக்கு

இந்த அளவு 300 கிராம் துருவலுக்கு. மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுது, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், 150 மில்லி வெந்நீர்.

எண்ணெயில் வெங்காயத்தை மிதமான சூட்டில் எட்டு முதல் பத்து நிமிடம் நன்றாகச் சிவக்கவிடுங்கள். இறைச்சி சமைக்கும்போது வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் கறியைப் போட்டுவிடலாம், கறியே சிவந்து மணம் தரும். துருவல் சிவக்காது. சிவந்த மணம் முழுக்க வெங்காயத்திலிருந்துதான் வர வேண்டும்.

பூண்டும் நீங்கள் வழக்கமாகப் போடும் மசாலாப் பொடிகளும் அடுத்து. அரை நிமிடத்தில் தக்காளி விழுதைப் போட்டு, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை வதக்குங்கள். பொடிகளின் வாசம் எண்ணெயில் கரைவது, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. துருவலில் கொழுப்பு 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கொத்துக்கறியில் பல மடங்கு அதிகம். "ஆரோக்கியத்துக்காகச் சாப்பிடுகிறோம், எண்ணெய் எதற்கு" என்று ஒரு கரண்டியோடு நிறுத்துபவர்களின் பாத்திரத்தில்தான் சப்பென்ற துருவல் கிடைக்கிறது.

சோயா சாஸ், வெந்நீர் சேர்த்துக் கொதிவந்ததும் துருவலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து உறைந்தபடியே கொட்டுங்கள். பாக்கெட்டில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய உருகவைக்க வேண்டாம். உருகினால் இழைகளுக்கு நடுவே இருந்த பனி தண்ணீராக வெளியேறி அடியில் தேங்கும், துருவல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு வாணலியில் சீராகப் பிரியாது. உறைந்த துருவல் உதிரியாக விழும்.

மூடாமல், மிதமான சூட்டில், 10 முதல் 12 நிமிடம். அவ்வப்போது கிளறினால் போதும். சாஸ் துருவலைப் பூசிக்கொண்டு, கரண்டியை இழுத்தால் அடி தெரிந்து மெதுவாக மூடிக்கொள்ளும் பதத்தில் இறக்குங்கள்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, துருவலை வெறும் வாணலியில் முதலில் வறுப்பது. கொத்துக்கறிக்கு அது சரி. துருவலுக்கோ உள்ளே உருகிக் காப்பாற்றக் கொழுப்பு இல்லை. மேல்பக்கத்துத் தண்ணீர் ஆவியானதும் இழைகள் இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சாஸ் ஊற்றினாலும் பழைய மென்மை வராது. ரப்பர் என்ற புகார் பாதி இதிலிருந்து வருகிறது.

## 5. துண்டுகள்: ஊறவைப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள்

மைக்கோபுரோட்டீன் துண்டுகளை மசாலாவில் இரவெல்லாம் ஊறவைப்பவர்கள் உண்டு. அதன் எடையில் முக்கால் பங்கு ஏற்கெனவே தண்ணீர். புதிதாக எதையும் உள்ளே இழுக்க இடமில்லை. ஊறல் மேலோடு நின்றுவிடும். ருசியைச் சாஸில் கெட்டியாக ஏற்றி, துண்டுகளை அதில் 12 முதல் 15 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிடுவது இதைவிடப் பலன் தரும். சாஸின் உப்பும் காரமும் தனியாக நக்கிப் பார்த்தால் சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும். துண்டு சேர்ந்ததும் சமனாகிவிடும்.

மேலே சிவக்க வேண்டுமென்றால் இதற்கு மட்டும் உருகவைக்கலாம், அதுவும் ஃப்ரிட்ஜுக்குள். துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, 300 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் பிரட்டி, நன்றாகக் காய்ந்த வாணலியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். சிவப்பது மேலே பூசிய மாவுதான், துண்டு அவ்வளவு எளிதில் சிவக்காது.

பிரஷர் குக்கர் வேண்டாம். கடினமான தசையை இளக்கத்தான் பிரஷர். இது தொழிற்சாலையிலேயே அவிந்த பொருள், இளக இனி எதுவும் இல்லை.

## 6. காளான்: தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு

கிங் ஆய்ஸ்டர் 400 கிராம் எடுங்கள். இரண்டு பேருக்கு இது அதிகம் என்று தோன்றும். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெந்து அழுத்தி முடிக்கும்போது எடை ஏறத்தாழ பாதியாகிவிடும். அளவைக் கணக்குப் போட்டு வாங்கும்போது இதை மறப்பவர்கள் ஏராளம்.

தண்டை நீளவாக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் நார் அறுந்து, கடிக்கும்போது மெத்தென்ற வட்டமாகத்தான் இருக்கும். சிப்பிக்காளான் என்றால் கத்தி வேண்டாம், கையால் நீளமாகக் கிழியுங்கள்.

அகலமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, 100 மில்லி தண்ணீரும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டு மூடி, ஐந்து நிமிடம். எண்ணெய் இன்னும் ஊற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பச்சைக் காளானுக்குள் காற்றறைகள் நிறைய. முதலிலேயே எண்ணெய் ஊற்றினால் பஞ்சுபோல் முழுதையும் குடித்துவிட்டு வாணலியைக் காயவைக்கும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், கடைசியில் தட்டில் எண்ணெய் வழியும். ஆவியில் அந்த அறைகள் அமுங்கிவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம்.

குழைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். காய்கறியின் செல்சுவரில் உள்ள பெக்டின் சூட்டில் கரையும், காய் குழையும். பூஞ்சையின் செல்சுவர் கைட்டினால் ஆனது, சமையல் சூட்டில் அது கரைவதில்லை. பத்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் காளான் தன் கடிபதத்தைக் காத்துக்கொள்ளும்.

மூடியைத் திறந்து தண்ணீர் வற்றவிடுங்கள். வற்றியதைக் காதால் கண்டுபிடிக்கலாம்: தளதளவென்ற கொதிச் சத்தம் அடங்கி, மெல்லிய சடசடப்பாக மாறும். அந்த நொடியில் எண்ணெய் ஊற்றி, கனத்த பாத்திரத்தை மேலே வைத்து அழுத்துங்கள். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். அழுத்தும்போது ஓரங்களில் இன்னும் நீர் கசியும். அது ஆவியாகித் தீரட்டும். ஈரம் இருக்கும்வரை வாணலியின் அடி 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். சிவந்து மணக்க 140 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். வாணலியில் நெருக்கிப் போட்டாலும் இதே கதைதான்: ஒன்றின் ஆவியில் மற்றொன்று அவிந்துகொண்டே இருக்கும். இரண்டு தடவையாகப் போடுங்கள்.

சாஸ் பூசுவது கடைசி இரண்டு நிமிடத்தில். இனிப்புள்ள சாஸை முன்பே ஊற்றினால் காளான் சிவக்கும் முன் சாஸ் கருகிவிடும்.

லயன்ஸ் மேன் வாங்கினால் வெள்ளையாக இருப்பதை எடுங்கள். மஞ்சள் ஏறிப் பழுப்பானது கசக்கும். ஷிடாகேயை எப்போதும் முழுதாக வேகவைக்க வேண்டும்; பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் சிலருக்கு உடம்பில் சவுக்கடி பட்டதுபோல் கோடு கோடாகத் தடிப்பு வரும். காட்டிலோ தோட்டத்திலோ தானாக முளைத்ததைப் பறித்து இந்த முறைகளில் சமைக்க வேண்டாம். கொடிய நச்சுக்காளானின் நஞ்சு கொதித்தாலும் போகாது.

## 7. டெம்பே: கசப்பை ஆவியில் எடுத்துவிடுங்கள்

பிரித்ததும் முகருங்கள், பாருங்கள். மெல்லிய காளான் வாசம் வர வேண்டும். வெள்ளைப் பரப்பில் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ திட்டுகள் இருந்தால் பயப்படத் தேவையில்லை. காற்று பட்ட இடத்தில் பூஞ்சை வித்து விட்டிருக்கிறது. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறம் கண்டாலோ, தொட்டால் வழுவழுவென்று இருந்தாலோ, அம்மோனியா மூக்கில் ஏறினாலோ தூக்கி எறியுங்கள். வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சமைப்பது கூடாது.

ஒரு சென்டிமீட்டர் கனத் துண்டுகளாக வெட்டி, 10 முதல் 15 நிமிடம் ஆவியில் வையுங்கள். சோயாவின் கசப்பு தணியும், பரப்பு இளகும். மைக்கோபுரோட்டீனுக்கு மாறாக டெம்பேயில் பருப்புகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. சூடாக இருக்கும்போதே ஊறலில் போட்டால் அரை மணியில் நன்றாகப் பிடிக்கும். 200 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு இரண்டு பல், நான்கு மேசைக்கரண்டி தண்ணீர். எண்ணெயை ஊறலில் சேர்க்காதீர்கள், மேலே படலமாகி உப்பை உள்ளே விடாது.

பிறகு ஊறலை வடித்து, ஒற்றி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாக வறுங்கள். ஈரத்தோடு போட்டால் தெறிக்கும், அடியிலும் ஒட்டும்.

## 8. வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

இறைச்சியில் நிறம் மாறும், சாறு தெளியும். இங்கே அந்த அடையாளங்கள் கிடையாது. மைக்கோபுரோட்டீன் ஃப்ரீசரில் இருந்த அதே வெளிர் நிறத்தில்தான் வெந்தபிறகும் இருக்கும். பெரிய துண்டு ஒன்றின் நடுவில் வெப்பமானியைச் செருகுங்கள். 75 டிகிரி செல்சியஸ் காட்டினால் சரி. வெப்பமானி இல்லையென்றால் அதே துண்டைப் பிளந்து பாருங்கள். நடுவிலிருந்து ஆவி வர வேண்டும், தொட்டால் சுட வேண்டும். சாஸ் கொதிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளியே கொதிக்கும்போதும் நடுவில் பனி இருக்கக்கூடும்.

உப்பை இந்தக் கட்டத்தில் சரிபாருங்கள். அப்படியும் ஏதோ குறைவதாகத் தோன்றினால் உடனே உப்பைக் கூட்டாமல், ஷிடாகேப் பொடி அரைத் தேக்கரண்டி போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதிலுள்ள குவானிலேட் என்ற சுவையூட்டி, சோயா சாஸிலும் தக்காளியிலும் உள்ள குளூட்டமேட் என்ற சுவையூட்டியோடு சேரும்போது ஒன்றையொன்று தூக்கிவிடும். இறைச்சியில் நாம் தேடும் ருசியிலும் இதைப் போன்ற ஒரு கூட்டணி உண்டு. எலுமிச்சையோ வினிகரோ அடுப்பை அணைத்தபின் சில சொட்டு.

## 9. மீதியை எடுத்துவைப்பது

சமைத்த மூன்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது ஓரிரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்குங்கள். துருவலைச் சுற்றிய சாஸ் இரவில் கெட்டியாகியிருக்கும். வறுத்த காளானை மட்டும் மூடாமல் வாணலியில் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் மேலே முறுகியது நமுத்துப்போகும். உருகிவிட்ட மைக்கோபுரோட்டீன் பாக்கெட்டை மறுபடி ஃப்ரீசருக்குள் தள்ளாதீர்கள்.

பச்சை டெம்பேக்குத் தனிக் கவனம் வேண்டும். சூடாக்கிக் கொல்லப்படாத பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும், வளரும்போது தானே வெப்பத்தையும் விடும். நான்கைந்து கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஃப்ரிட்ஜுக்குள்ளும் நடுக்கட்டி வெதுவெதுப்பாகி, கறுத்து, அம்மோனியா வாடை வீசத் தொடங்கும். இடைவெளி விட்டுப் பரப்பி வையுங்கள். சில நாளுக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் பத்து நிமிடம் ஆவியில் அவித்து, ஆறவைத்து, ஃப்ரீசரில் போடுங்கள்.